கருமருந்துக் காலம் – 7: கிடாவைச் சாய்க்கும் தோட்டா

ஷார்ப்ஸா, வின்செஸ்டர் ஹை வாலா, ரெமிங்டன் ரோலிங் பிளாக்கா என்ற வழக்கைச் சென்ற வாரம் ஒருவழியாக முடித்தோம். துப்பாக்கி முடிவானவரை அடுத்து வாட்டுவது தோட்டா. பழைய அமெரிக்கத் தோட்டாப் பட்டியலைத் திறந்தால் 38-55, 40-65, 40-70, 45-70, 45-90, 45-110, 50-90 என்று எண்கள் வரிசைகட்டி நிற்கும். முதல் எண் குழலின் விட்டம், அங்குலத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்பது. இரண்டாவது எண், பித்தளைக் கூட்டில் அந்தக் காலத்தில் அடைத்த கருமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம்.

புதிதாக வருபவரின் கண் இரண்டாவது எண்ணிலேயே நிலைத்துவிடும். அது பெரிதாக இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அவசரப்பட வேண்டாம். நாம் சுடப்போவது காட்டெருமையை அல்ல, எஃகுத் தகட்டு உருவங்களை.

மெக்சிகோவில் திருவிழாக்களில் உயிருள்ள கோழியையும் ஆட்டையும் தொலைவில் கட்டிவைத்துச் சுட்ட பழைய பந்தயம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஃகுத் தகட்டு உருவங்களுக்கு மாறியது. 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் காட்டுப்பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக் கிடா. அமெரிக்கர்கள் அதை வடக்கே கொண்டுபோனார்கள். 1985 முதல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராட்டன் நகருக்கு அருகிலுள்ள விட்டிங்டன் மையத்தில் கருமருந்துத் துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டி நடக்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வடிவமைப்பில் அமைந்த, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா ஏற்கும் துப்பாக்கி வேண்டும். குண்டு ஈயத்தால் ஆனதாக இருக்க வேண்டும். கோழியை மட்டும் எழுந்து நின்று, எதிலும் சாராமல் சுட வேண்டும். மற்ற மூன்றையும் உட்கார்ந்தோ படுத்தோ, பெருக்கல் குறிபோல் பிணைத்த இரு கோல்களில் குழலைத் தாங்கிச் சுடலாம்.

இதில் ஒரு கறார் விதி உண்டு. உருவம் கீழே விழுந்தால்தான் புள்ளி. குண்டு பட்டு 'டங்' என்று சத்தம் வந்தும் கிடா ஆடிவிட்டு நின்றுகொண்டால் எதுவும் கிடையாது. கிடாத் தகடு ஏறத்தாழ 25 கிலோ இருக்கும். தோட்டாத் தேர்வு முழுவதும் இந்த ஒரு விலங்கைச் சுற்றித்தான் நடக்கிறது. கோழி எதற்கும் விழும்.

தகட்டைத் தள்ளுவது குண்டின் உந்தம். அதாவது எடையும் வேகமும் பெருக்கிவரும் தொகை. கருமருந்தில் வேகத்தை விருப்பம்போல் ஏற்ற முடியாது. நல்ல கெட்டிப்பில் குண்டு நொடிக்கு 1,150 முதல் 1,250 அடி வேகத்தில் கிளம்பும். அது ஒலியின் வேகத்தைச் சற்றே தாண்டியது. பாதி வழிக்கு முன்பே ஒலிக்குக் கீழே இறங்கிவிடும். 500 மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைப் பத்து மீட்டருக்கும் மேல் கீழே இழுத்துவிடுகிறது. வேகம் இப்படிக் கைவிடும்போது மிஞ்சுவது எடை. 500 கிரெயினுக்கு மேற்பட்ட, அதாவது 33, 34 கிராம் எடையுள்ள நீண்ட ஈயக் குண்டு, மெதுவாகப் போனாலும் போய்ச் சேர்ந்த இடத்தில் முட்டித் தள்ளும்.

இந்த எடையைத் தாங்குவதில் 45-70 பழம் தின்று கொட்டை போட்டது. 1873இல் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக ஏற்றுக்கொண்ட தோட்டா அது. முதலில் 405 கிரெயின் குண்டு வைத்தார்கள். 1879இல் நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் கடற்கரையில் நெடுந்தூரச் சோதனைகள் நடத்திய பிறகு 500 கிரெயின் குண்டுக்கு மாறினார்கள். அதே ராணுவம் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் மருந்தை 55 கிரெயினாகக் குறைத்துக் கொடுத்தது. 70 கிரெயினின் உதை, இலேசான துப்பாக்கி ஏந்திய குதிரை வீரனுக்கு மிகை என்று அவர்களே கண்டுகொண்டார்கள். எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் மயக்கம் தீராது. 1990இல் வந்த 'குவிக்லி டவுன் அண்டர்' படத்தில் டாம் செல்லெக் தூக்கித் திரிந்த ஷார்ப்ஸ் 45-110 வகை. அதைப் பார்த்துவிட்டு அதே தோட்டாதான் வேண்டும் என்று நிற்பவர்கள் உண்டு. ஆயிரம் கஜத்தில் காகித இலக்கைச் சுடுபவருக்கு அதனால் பலன் இருக்கலாம். கிடாவுக்கு அது தேவையில்லை. கூடுதல் மருந்து தரும் கூடுதல் வேகம் 500 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் காற்றில் கரைந்துவிடும். உதையும் கசடும் மட்டும் குறையாமல் நம்மிடமே தங்கும். ஒரு போட்டியில் குறைந்தது 40 குண்டு. அதற்கு முன் சோதனைச் சுடுதல் வேறு. இருபதாவது குண்டுக்குப் பிறகு தோள் பட்டையே விசையை இழுக்கத் தயங்கினால் எந்தக் கிடாவும் சாயாது. 45-90 வரை போகிறேன் என்றால் சண்டை பிடிக்க மாட்டேன். அதற்கு மேல் போவது ஆசைக்காகத்தான்.

எதிர்த்திசையில் 40-65 இருக்கிறது. 1887இல் வின்செஸ்டர் வெளியிட்டபோது வெறும் 260 கிரெயின் குண்டோடு வந்த சாதுவான வேட்டைத் தோட்டா, பின்னர் மறக்கப்பட்டது. உருவச் சுடுதல் வளர்ந்தபோது அதற்கு மறுபிறவி கிடைத்தது. 400 கிரெயினுக்கு மேற்பட்ட நீண்ட குண்டை அதில் வைத்துப் பார்த்தார்கள். பாதை சற்றுத் தட்டையாகவும் உதை குறைவாகவும் இருந்ததால் பலர் அதற்கு மாறினார்கள். 1990களில் பிரௌனிங் நிறுவனம் இந்தப் போட்டிக்கென்றே செய்த துப்பாக்கியை 45-70, 40-65 இரண்டிலும் விற்றது. 45-70 கூட்டையே அச்சில் அழுத்திக் குறுக்கி 40-65 ஆக்கலாம் என்பதால் கூட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால் கிடாவிடம் அதற்குக் கையிருப்பு குறைவு. இரண்டின் உந்தத்தையும் 500 மீட்டரில் கணக்குப் போட்டால் 40-65 கால் பங்கு பின்தங்குகிறது. தகட்டின் மேற்பாதியில் பட்டால் சாயும். காலருகே பட்டால் ஆடிவிட்டு நிற்கவும் கூடும்.

முதல் துப்பாக்கிக்கு 45-70 வாங்குங்கள் என்பதே என் கட்சி. உதை தாங்காத உடம்பு என்றால் 40-65. எதை எடுத்தாலும் குழலின் உள்ளே ஓடும் சுழல்வரியைக் கேட்டு வாங்க வேண்டும். 45-க்கு 18 அங்குலத்தில் ஒரு சுற்று, 40-க்கு 16 அங்குலத்தில் ஒரு சுற்று. பழைய ஸ்பிரிங்ஃபீல்டின் 22 அங்குலச் சுற்று, இன்றைய நீண்ட குண்டுகளை நேராக நிறுத்தப் போதாது.

இனி மருந்து கெட்டிப்பதற்கு வருவோம். வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற கலவை நூற்றாண்டுகளாகக் கிட்டத்தட்ட அதேதான். பரலின் அளவுதான் தேர்வு. ஒற்றை எஃப் பெரும்பரல், மூன்று எஃப் பொடிப்பரல். 45-70க்கு இரண்டு எஃப், அல்லது ஸ்விஸ் மருந்தின் ஒன்றரை எஃப் பொருந்தும். புகையில்லா மருந்தை இந்த அளவுக்கு ஒருபோதும் கொட்டக் கூடாது; துப்பாக்கியே சிதறும்.

மருந்தை அப்படியே கொட்டினால் பரல்களுக்கு இடையே வெற்றிடம் நிற்கும். அதனால் இரண்டடி நீளமுள்ள மெல்லிய பித்தளைக் குழாய் வழியாக மெல்லச் சொரிவார்கள். படியைத் தட்டித் தட்டி நெல் அளப்பதுபோல் பரல் நெருங்கி உட்காரும். அதன்மேல் அட்டை வில்லை ஒன்றை வைத்து, அச்சால் சற்று அழுத்திய பிறகே குண்டைப் பொருத்துவார்கள். மருந்துக்கும் குண்டின் அடிக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கவே கூடாது. இருந்தால் குழல் வீங்கக்கூடும். எவ்வளவு அழுத்துவது என்பது மருந்தைப் பொறுத்தது. அமெரிக்க கோயெக்ஸ் நன்றாக அழுத்தினால்தான் ஒழுங்காக எரியும். ஸ்விஸ் மருந்துக்கு லேசாக அழுத்தினால் போதும். இன்றைய கூடுகளின் சுவர் தடித்திருப்பதால் 70 என்று பெயர் வைத்துக்கொண்ட தோட்டாவில் பெரும்பாலும் 65 கிரெயின்தான் அடங்கும். அதனால் நட்டமில்லை.

இந்த விளையாட்டின் உண்மையான எதிரி கசடு. எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ராட்டன் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள வறண்ட மேட்டுநிலம். ஜூலை வெயிலில் அந்தக் கசடு குழலுக்குள் ஓடுபோல் இறுகிவிடும். ஆகவே குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மென்மையான மசகைப் பூசுகிறார்கள். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஒரு குழாயைப் பின்புறத் துளையில் செருகி வாயால் நாலைந்து முறை ஊதுகிறார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்குகிறது. குழலின் வாயில் மசகு நட்சத்திர வடிவில் படிந்திருந்தால் எல்லாம் சரி. வறண்டிருந்தால் அடுத்த குண்டு வழி தவறும்.

கெட்டிப்பைச் சோதிப்பவர்கள் வேகமானியை வைத்துக்கொண்டு சராசரி வேகத்தைப் பார்த்துப் பூரிப்பார்கள். பார்க்க வேண்டியது ஏற்றத்தாழ்வை. இரண்டு குண்டுகளின் வேகம் நொடிக்கு 20 அடி வித்தியாசப்பட்டாலே 500 மீட்டரில் அவை விழும் இடம் ஏறத்தாழ ஓர் அடி ஏறி இறங்கும். கிடாவின் உடற்பகுதி உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தோட்டாவின் அடியில் இருந்து தீ மூட்டும் பிரைமரை மாற்றிப் பாருங்கள். அதன் துளைமேல் செய்தித்தாள் வில்லை ஒன்றை வைத்து எரிப்பை மட்டுப்படுத்துகிறவர்களும் உண்டு. அழுத்தத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் பத்துக் குண்டு தொடர்ந்து, குழலைத் துடைக்காமல், ஊதி மட்டுமே சுட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். சுத்தமான குழலில் முதல் மூன்று குண்டு ஒரே துளையில் போவதை நம்பி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம்.

ஈயம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு, எந்த அச்சு, எந்த மூக்கு என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)