காடும் குடிமக்களும்

காடு நாட்டின் செல்வம் என்பதை எவரும் மறார். ஆயின், அச்செல்வத்தைக் காத்தற்குரியவர் யாவர்? இவ்வினாவை ஆராய்தற்கு நேபாள நாட்டின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1957ஆம் ஆண்டிலே அந்நாட்டரசு தனியார் காடுகளைச் சட்டத்தின் மூலம் தேசவுடைமையாக்கிற்று. காடுகளைப் பாதுகாத்தலே அதன் நோக்கம். ஆனால், மலைச்சரிவெங்கும் காவலரை நிறுத்துதல் இயலாதாயிற்று. விறகும் புல்லும் சருகும் காட்டிலிருந்தே பெற்றுவந்த கிராமத்தவர், தமதென எண்ணிய காடு அரசினதாயினமை கண்டு அதனிற் பற்றிழந்தனர். காப்பாரின்றிக் காடு தேய்ந்தது.

தவற்றையுணர்ந்த அரசு, 1978இல் சில காடுகளைக் கிராம பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்க வழிசெய்தது. 1993ஆம் ஆண்டின் வனச்சட்டமோ, காட்டைப் பயன்படுத்துவோர் குழுக்களுக்கே அதனைப் பராமரிக்கும் உரிமையை வழங்கிற்று. நிலம் அரசினது, பராமரிப்பும் பயனும் குழுவினுடையன. எம்மரத்தை எப்பொழுது வெட்டலாம், எவ்வளவு புல் அறுக்கலாம் என்பவற்றை வகுக்கும் திட்டத்தைக் குழுவே ஆக்க, வன அதிகாரி அதனை அங்கீகரிப்பார். வருவாயில் நூற்றுக்கு 25 பங்கேனும் காட்டின் வளர்ச்சிக்கே செலவிடப்படல் வேண்டும். இத்தகைய குழுக்கள் இன்று 22,000க்கு மேற்பட்டுள்ளன. வெறுமையாய்க் கிடந்த மலைச்சரிவுகள் பல மீண்டும் பசுமையுற்றன.

இம்முறையிலும் குறைகள் உள. சில குழுக்களிலே செல்வாக்குடையோர் சொல்லே மேலோங்க, விறகையே நம்பி வாழும் ஏழைகளும் பெண்களும் புறக்கணிக்கப்படுகின்றனர். காட்டைக் காக்கும் விதி ஏழையின் அடுப்பை அணைக்குமாயின், அவ்விதி நெடுநாள் நிலைபெறாது.

இன்றைய தேவையை நிறைவேற்றி, நாளைய சந்ததிக்கும் வளத்தை எஞ்சவிடுதலே நிலைபேறான வளர்ச்சி எனப்படும். காட்டின் பயனை நுகர்வோர் அனைவருக்கும் அதனிடத்து உரிமையும் பொறுப்பும் ஒருங்கே அமைந்தாலன்றி அது கைகூடாது என்பது நேபாளத்தின் அனுபவத்தாற் பெறப்படும்.