சீமைக்குப் போய் மண்வெட்டி பிடிப்பதா?

சில தினங்களுக்கு முன் ஒரு தகப்பனாரும் அவருடைய குமாரரும் நமது காரியாலயத்துக்கு வந்தார்கள். தகப்பனார் மதுரைப் பக்கத்து விவசாயி. நாம் வக்கீல் தொழிலை முழுமூச்சாக நடத்திய நாட்களில் ஒரு வாய்க்கால் வியாஜ்யத்தில் நமது கட்சிக்காரராக இருந்தவர். குமாரர் என்ஜினீயரிங் பட்டம் பெற்றவர். ஐரோப்பாவில் உள்ள ஒரு கூட்டுக் குடியிருப்பில் ஒரு வருஷம் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே வசிப்பவர்கள் மண்ணையும் நீரையும் பாழாக்காமல், தங்களுக்கு வேண்டியதைக் கூடியமட்டும் தாங்களே விளைவித்து, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுத்து வாழ முயல்கிறவர்களாம்.

"ஐயா, நீங்களே நியாயம் சொல்லுங்கள். நம்ம தோட்டத்தில் களை பிடுங்க வாடா என்று கூப்பிட்டால் இவனுக்கு இடுப்பு வலிக்கிறது. அங்கே போய்க் களை பிடுங்குவதற்கு லட்சக்கணக்கில் நாம் பணம் கட்ட வேண்டுமாம்!" என்றார் தகப்பனார்.

"எப்படிப் பிடுங்குவது என்பது அப்பாவுக்குத் தெரியும், ஐயா. நிலம் ஏன் வருஷத்துக்கு வருஷம் சத்துக் கெட்டுக்கொண்டு போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்" என்றார் குமாரர்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. உடனே தீர்ப்புச் சொல்ல நமக்கு நா எழவில்லை. இது ஒரு குடும்பத்தின் வழக்கு மட்டுமன்று. இன்று பல வீடுகளில் நடக்கும் வழக்கு. ஆகையால் நேயர்களின் முன்னிலையிலேயே இதைச் சற்று விசாரித்துப் பார்ப்போம்.

அந்நிய நாட்டில், உழைப்பையே பாடமாகக் கொண்ட ஒரு கூட்டுக் குடியிருப்பில் படிப்பது தமிழர்களுக்குப் புதிதா என்பது முதற் கேள்வி. இல்லை என்பதே பதில். தென்னாப்பிரிக்காவில் ஜோஹான்னஸ்பர்க் நகரத்துக்கு 21 மைல் தூரத்தில் 1910-ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி டால்ஸ்டாய் பண்ணையை ஏற்படுத்தினார். அவருடைய நண்பர் ஹெர்மன் காலன்பாக் அதற்காகச் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் பல. ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே பண்ணையில் வாழ்ந்தார்கள். வேலைக்காரன் என்று ஒருவனும் அங்கே கிடையாது. சமையல் முதல் கக்கூஸ் சுத்தம் செய்வது வரையில் எல்லாவற்றையும் பண்ணைவாசிகளே செய்தார்கள். காலன்பாக் செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். குழந்தைகளுக்குக் காந்திஜி தாமே உபாத்தியாயராக இருந்தார்; தமிழ்க் குழந்தைகளுக்காகத் தமிழையும் கற்பிக்க முயன்றார். நூறு வருஷங்களுக்கு முன்பே நம்மவர்களின் குழந்தைகள் படித்துவிட்ட பள்ளிக்கூடம் இது. இன்று இதற்குப் புதிய பெயர் வைத்து நம்மிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள்.

இரண்டாவது உதாரணம் இன்னும் விசித்திரமானது. லெனர்ட் எல்மஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் விவசாயம் படித்தவர். ரவீந்திரநாத் தாகூர் அவரை வங்காளத்துக்கு அழைத்தார். 1922-ல் சாந்திநிகேதனத்துக்கு அருகில் சுருல் கிராமத்தில் கிராமப் புனருத்தாரண ஸ்தாபனம் தொடங்கியது. பின்னர் ஸ்ரீநிகேதனம் என்று பெயர் பெற்றது அதுவே. எல்மஹர்ஸ்ட் அதன் முதல் தலைவராக உழைத்தார். அமெரிக்கச் செல்வக் குடும்பத்தில் பிறந்த டாரதி என்ற மாது அதற்குப் பொருளுதவி செய்தார். 1925-ல் இவ்விருவரும் மணம் புரிந்துகொண்டு, இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில் பாழடைந்து கிடந்த டார்ட்டிங்டன் என்ற பழைய மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலங்களையும் வாங்கினார்கள். வங்காளத்துக் கிராமத்தில் கற்ற பாடத்தை இங்கிலாந்துக் கிராமத்தில் நடத்திப் பார்ப்பது அவர்களுடைய நோக்கம். விவசாயம், காடு வளர்ப்பு, நெசவு, சங்கீதம், நாடகம், பள்ளிக்கூடம் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் நடந்தன. தாகூர் அங்கே விருந்தினராகச் சென்று தங்கியிருக்கிறார். ஆள்கிற நாடு ஆளப்படுகிற நாட்டுக்குப் பாடம் சொல்வதுதான் அக்காலத்து சம்பிரதாயம். டார்ட்டிங்டனிலோ பாடம் இங்கிருந்து அங்கே போயிற்று.

அதே டார்ட்டிங்டனில் 1991-ஆம் வருஷம் ஷூமாக்கர் கலாசாலை திறக்கப்பட்டது. அதை உருவாக்குவதில் முன்நின்றவர் சதீஷ் குமார். ராஜஸ்தானத்தில் பிறந்து, ஒன்பது வயதில் ஜைனத் துறவியாகி, பிறகு வினோபாஜியின் பூதான இயக்கத்தில் சேர்ந்தவர். 1962-ல் அணுகுண்டை எதிர்த்து, கையில் காசில்லாமல், ஒரு தோழருடன் டில்லியிலிருந்து புறப்பட்டு மாஸ்கோ, பாரிஸ், லண்டன் வழியாக வாஷிங்டன் வரையில் யாத்திரை செய்தவர். இடையிலுள்ள கடலைக் கப்பலிலும் நிலவழியில் பெரும்பகுதியைக் காலாலும் கடந்தார்.

அந்தக் கலாசாலையில் பல தேசத்து மாணவர்கள் கூடினார்கள். காலையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். அன்றைய வேலை பிரித்துக்கொள்ளப்படும். மாணவரும் ஆசிரியரும் குழுக்களாகப் பிரிந்து காய் நறுக்குவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், தோட்டத்தில் வேலை செய்வார்கள். சாப்பாடு மரக்கறி போஜனம். பிறகு வகுப்பு. முதல் வகுப்பை நடத்தியவர் பிரசித்தி பெற்ற விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக். 1998 முதல் பிளிமத் சர்வகலாசாலையின் அங்கீகாரத்துடன் விஞ்ஞான முதுகலைப் பட்டமும் அளிக்கப்பட்டது.

கலாசாலைக்குப் பெயர் கொடுத்த ஷூமாக்கர் யார்? ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தின் நிலக்கரி போர்டுக்கு இருபது வருஷம் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். "சிறியதே அழகு" என்று பொருள்படும் அவருடைய நூல் 1973-ல் வெளிவந்தது. அந்நூலில் பௌத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் ஓர் இந்தியரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அந்த இந்தியர் நமது தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா!

குமரப்பாவின் சரித்திரம் நமது வழக்குக்கு முக்கியமான தஸ்தாவேஜு. அவர் லண்டனில் கணக்குப் பரிசோதகர் தொழிலைக் கற்றார். பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பிறகு அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பொது நிதி இயலைப் படித்தார். அங்கே படிக்கும்போதுதான் பிரிட்டிஷ் வரிமுறையும் செலவுமுறையும் இந்தியாவின் வறுமைக்கு எவ்வாறு காரணமாயின என்பது அவருக்கு விளங்கிற்று. 1929-ல் திரும்பிவந்து காந்திஜியைச் சந்தித்தார். சூட்டைக் களைந்தார், கதரை உடுத்தார். குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவுக் கணக்கு எடுத்தார். லண்டனில் கற்ற கணக்கு ஏழைக் குடியானவனின் திண்ணையில் பயன்பட்டது. 1942 இயக்கத்தை அடுத்துச் சிறைப்பட்டபோது, நிலைத்திருக்கும் பொருளாதாரம் எது என்ற நூலை எழுதினார். ஜீவராசிகளின் வாழ்க்கையிலிருந்தே அவர் ஐந்து படிகளை எடுத்துக் காட்டினார். தனக்கு உணவளிப்பதையே அழித்துத் தின்பது முதற் படி. கொடுக்காமல் எடுத்துக்கொள்வது இரண்டாவது. உழைத்து அனுபவிப்பது மூன்றாவது. கூட்டத்துக்காகத் தேனீயைப் போல் உழைப்பது நான்காவது. பிரதிபலன் கருதாமல் தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவது போன்ற தொண்டு ஐந்தாவது. மேலே போகப் போகப் பொருளாதாரம் நிலைக்கும். கீழே இறங்க இறங்க அழியும். இந்த மனிதர் தமது கடைசி நாட்களை மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் கழித்து, 1960-ல் ஜனவரி 30-ஆம் தேதி, காந்திஜி மறைந்த அதே தினத்தில், காலமானார்.

நம்மிடம் வந்த தகப்பனாரின் ஊரிலிருந்து கல்லுப்பட்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணம். குமாரர் அங்கே போனதில்லை. தகப்பனாரும் போனதில்லை.

இதைக் கேட்டதும் ஒரு சாரார், "பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான். பின் எதற்குச் சீமைப் பயணம்?" என்று மார் தட்டுவார்கள். இந்தப் பெருமையை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பாட்டனார் சம்பாதித்த நிலத்தின் பட்டாவை வைத்துக்கொண்டு இருந்தால் பேரனின் வயிறு நிரம்பாது. நிலத்தில் இறங்கி உழ வேண்டும். குமரப்பாவின் பெயரைச் சொல்லுகிறோம். அவருடைய நூலைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கண்மாய்களைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் நாம். ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளியவர்களும் நாமே. மற்றொரு சாரார், சீமை முத்திரை விழுந்தால்தான் நமது சரக்குக்கே மதிப்பு என்று நினைப்பவர்கள். இவர்களுடைய கட்சியும் நமக்குச் சம்மதமில்லை. குமரப்பா கடல் கடந்து படித்ததில் குற்றமில்லை. படித்ததை எடுத்துக்கொண்டு மாதர் தாலுகாவுக்கு வந்தாரே, அதனால்தான் அவர் குமரப்பா ஆனார்.

அப்படியானால் அங்கே போய்க் கற்க வேண்டியது என்ன? மண்வெட்டி பிடிப்பதையன்று. அதை நமது குடியானவனைவிடச் சிறப்பாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சாக்கடை நீரைச் செடிகளைக் கொண்டே சுத்தம் செய்யும் முறை, குறைந்த விறகில் வீட்டைச் சூடாக்கும் முறை, பலர் கூடி ஒரு முடிவுக்கு வரும் முறை ஆகியவற்றை அறிந்துவருவது நல்லதே. ஆனால் இவற்றினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. அது துடைப்பம். பேராசிரியர் பாத்திரம் கழுவ, மாணவன் தரை பெருக்க, யாரும் அதை ஒரு விசேஷமாகவே கருதாத காட்சியை நமது வாலிபர்களும் யுவதிகளும் நேரில் பார்க்க வேண்டும். நமது நாட்டில் துடைப்பத்துக்கு ஜாதி உண்டு. படித்தவன் குப்பையைத் தொட்டால் படிப்புக்கே இழுக்கு என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. டால்ஸ்டாய் பண்ணையில் கற்றதை நாம் மறந்துவிட்டோம். மறந்த பாடத்தை அந்நியர் வீட்டிலாவது போய்க் கற்றுவருவதில் வெட்கமில்லை, மறந்ததில்தான் வெட்கம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷூமாக்கர் கலாசாலையின் பட்டப் படிப்புகள் நிறுத்தப்படுவதாக, புதிய வகுப்புகள் தொடங்கச் சில வாரங்களே இருந்த சமயத்தில், 2024 ஆகஸ்டில் டார்ட்டிங்டன் தர்ம ஸ்தாபனம் அறிவித்தது. பணத் தட்டுப்பாடு காரணம். ஸ்காட்லாந்தில் ஃபின்ட்ஹார்ன் என்ற இடம் ஒன்று உண்டு. 1962-ல் கடற்கரை மணலில் சக்கர வீடு ஒன்றில் மூன்று பெரியவர்களும் மூன்று குழந்தைகளுமாகத் தொடங்கி, காற்றாடி மின்சாரமும் சொந்தத் தோட்டமும் கொண்ட கிராமமாக வளர்ந்தது. உலகெங்குமுள்ள இத்தகைய கிராமங்களின் கூட்டமைப்பு 1995-ல் உருவானதும் அங்கேதான். அங்கே கல்வி நடத்திவந்த ஸ்தாபனமும் 2023-ல் வகுப்புகளை நிறுத்திவிட்டது. ஆனால் குடியிருப்பு கலைந்துவிடவில்லை. வாழ்கிறவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதைக் கண்டு கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. நமது நாட்டில் பூட்டுத் தொங்கும் ஆசிரமங்களும் கதர் நிலையங்களும் கொஞ்சமா? ஆனால் குமரப்பாவின் உரைகல்லில் உரசிப் பார்க்கத்தான் வேண்டும். நிலைத்த வாழ்வைப் போதிக்கும் பள்ளிக்கூடமே நிலைக்காமற் போவதேன்? வாழ்கிறவர்களின் உழைப்பில் நின்றது தப்பியது. தூரத்திலிருந்து வரும் கட்டணத்தையும் தர்மத்தையும் நம்பி நின்றது விழுந்தது. ஆகையால், வக்கீல் என்ற முறையில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுகிறோம். அந்த இடத்தின் புகைப்படங்களைப் பார்ப்பதற்கு முன் அதன் கணக்குகளையும் பத்திரங்களையும் பாருங்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது? மூட முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம்? நடுவில் நின்றுபோனால் கட்டிய பணம் திரும்புமா? கடன் வாங்கிப் போகிறவன் இவற்றைக் கேட்காமல் கப்பலேறக் கூடாது.

போவதற்கு முன் இங்கே பார்க்க வேண்டியவையும் உண்டு. கல்லுப்பட்டி இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் திண்டுக்கல் அருகே சர்வகலாசாலையாக வளர்ந்து நிற்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே, 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில், மழைநீர் அரித்துச் சென்ற செம்மண் பொட்டலில் காடு வளர்ந்திருக்கிறது. மண்ணை இறுக்கிக் கல்லாக்கி வீடு கட்டும் வித்தையை அங்கே கற்க வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் இங்கே வருவதும் நம்மவர்கள் அங்கே போவதும் பண்டமாற்றாக இருந்தால் நல்லது. நம் கையில் பண்டம் இல்லாமற் போனால் அது வெறும் யாசகம்.

இவ்வளவையும் வந்தவர்களிடம் சொன்னோம். குமாரர் சற்று நேரம் யோசித்தார். ஒரு போகம் அப்பாவுடன் இருந்து, வயலின் வரவு செலவையும் மண்ணின் நிலையையும் எழுதி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு போவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால், கேட்க வேண்டிய கேள்விகளோடு போவார். தகப்பனார் உடனே ஒன்றும் பேசவில்லை. வாசற்படி இறங்கும்போது மட்டும் திரும்பி, "போய்விட்டு வரட்டும், ஐயா. ஆனால் வரவேண்டும்" என்றார்.

நமது தீர்ப்பும் அதுவே.