இல்லத்தில் சேர்த்த பிறகும் அமானிதம் நம்முடையதே



பெற்றோரை வீட்டில் வைத்துப் பணிவிடை செய்வதே நாம் விரும்பும் வழி. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் வளைகுடாவில் இருக்கும் வீடுகளும், நினைவு தடுமாறிய அத்தாவை மருமகள் ஒருவரே தூக்கிக் கிடத்தும் வீடுகளும், துணை யாருமற்ற முதிய பெண்களும் கடலூரிலும் சிதம்பரத்திலும் உண்டு. நல்ல இல்லம் எது என்று கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருவோர் தயங்கித் தயங்கித்தான் வாய் திறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. இல்லத்தில் இருப்பவரின் பாதுகாப்புக்குக் குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறோம்.

இரண்டு நிகழ்வுகள்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் இல்லத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. தர்காவுக்கு அழைத்துச் சென்றால் குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் விட்டுச் சென்றவர்கள் அங்கே பலர். அடுத்த சில நாட்களில் அரசு அத்தகைய இல்லங்களை மூடி, 500க்கும் மேற்பட்டோரைத் தன் பொறுப்பில் எடுத்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இல்லத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை விதித்துள்ளது.

இரண்டாவது நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் நடந்தது. குண்டலப்புலியூரில் ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட முதியவரை உறவினர் பார்க்கச் சென்றபோது, பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கும் அவர் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனையிட்டபோது, இல்லம் உரிய அனுமதியின்றி இயங்கியது தெரிந்தது. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வழக்கு சிபிசிஐடி விசாரணைக்குச் சென்றது.

ஒருவர் நேரில் போய், "எங்கே அவர்?" என்று விடாமல் கேட்டதால்தான் இந்த இரண்டாவது விஷயம் வெளியே வந்தது. ஏர்வாடியில் சங்கிலியைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதைத் தவறு என்று சொல்லி அவிழ்க்க வைத்தவர்கள் போதவில்லை. அதிகாரிகள் ஆண்டுக்கு எத்தனை முறை வர முடியும்? அடிக்கடி வரக்கூடியவர்கள் குடும்பத்தாரே. வெளியிலிருந்து கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று இல்லம் அறிந்திருப்பதே, உள்ளே இருப்பவருக்கு முதல் பாதுகாப்பு.

சேர்க்கும் முன்

முதியோர் இல்லமானால் மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், மனநோயாளிகளுக்கானதானால் மாநில மனநல ஆணையத்திலும் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். அதில் காலக்கெடு முடிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வேறு இல்லத்துக்கோ ஊருக்கோ மாற்றக் கூடாது என்று சேர்க்கைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதன் நகல், அண்மையில் எடுத்த புகைப்படம், மருந்துப் பட்டியல் மூன்றும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், வாசல் பூட்டப்படுமா, சாவி யாரிடம் இருக்கும், இரண்டாவது வாசல் உண்டா என்று கேளுங்கள். தீ இரவில் வந்தால் இந்த விடைகளைப் பொறுத்தே உயிர் தப்பும். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையின் பெருக்கையும் கண்ட மாவட்டம் நம்முடையது. தண்ணீர் புகுந்தால், படுத்த படுக்கையாக இருப்பவர்களை யார் தூக்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்பதும் அவசியமான கேள்விதான்.

சேர்த்த பின்

சொல்லாமல் போங்கள். ஒரு முறை சாப்பாட்டு வேளையில், மறு முறை மாலையில் என்று மாற்றி மாற்றிப் போங்கள். பணியாளர் அருகில் இல்லாமல் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள். பேச முடியாதவரின் உடம்பு பேசும். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி சிவந்திருந்தால் படுக்கைப்புண்ணின் தொடக்கம். அவரைச் சரியாகப் புரட்டிப் படுக்க வைக்காதது காரணமாக இருக்கலாம். வறண்ட உதடு, தளர்ந்துபோன சட்டை, மணிக்கட்டில் தழும்பு, வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றுக்குக் காரணம் கேளுங்கள். கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, இரவு விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். முதியவர்கள் அடிக்கடி விழும் இடங்களில் அதுவும் ஒன்று.

வெளிநாட்டில் உள்ள மகன் வீடியோ அழைப்பில் வாப்பாவைப் பார்ப்பது நல்லதே. ஆனால் போனைப் பிடித்திருப்பவர் காட்டுவது மட்டுமே அதில் தெரியும். உள்ளூரில் ஓர் உறவினரையோ நண்பரையோ மாதம் இருமுறை நேரில் போய்ப் பார்க்கும்படி பொறுப்பாக்குங்கள்.

தவறு கண்டால் மௌனம் வேண்டாம். முதியோர் உதவி எண் 14567. கோட்டாட்சியரிடமும், ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். அதேபோல, பராமரிக்க வேண்டியவரே முதியவரைக் கைவிட்டுச் சென்றால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்க்கப் போக ஆளே இல்லாதவர்களும் இந்த இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்கள் ஜமாஅத்தின் பொறுப்பு. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள் முன்வந்தால், சுற்றிலும் உள்ள இல்லங்களில் நம்மவர் பிறர் என்ற பேதமின்றி எல்லோரையும் முறைவைத்துப் பார்த்து வரலாம். விருப்பமுள்ளோர் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதமே தொடங்குவோம்.