நோயுற்ற உடும்பைப் பேணும் முறை

வன்னியின் வயல்வெளிகளிலும் குளக்கட்டுகளிலும் வாழும் உடும்பு வண்டு, நண்டு, எலி முதலியவற்றைத் தின்று கமக்காரருக்குத் துணைபுரிகின்றது. வலையிற் சிக்கியோ, நஞ்சுண்ட எலியைத் தின்றோ சோர்ந்து கிடக்கும் உடும்பைச் சிறுவர் வீட்டுக்குக் கொணர்ந்து வளர்க்க முற்படுவதுண்டு. பரிவுடன் ஊட்டும் பாலும் இறைச்சியுமே அதற்குக் கேடாகின்றன.

உடும்பு உடற்சூட்டை வெயிலிலிருந்தே பெறுகின்றது. உடல் குளிர்ந்தவிடத்து இரை செரியாது வயிற்றிலேயே அழுகும். வாயில் ஊற்றும் நீர் நுரையீரலுட் புகவுங்கூடும்.

நலமுள்ள உடும்பு பிளவுபட்ட நாக்கை அடிக்கடி நீட்டும். நோயுற்றதோ கண் குழிந்து, நாக்கை நீட்டாது, அசைவற்றுக் கிடக்கும்.

செய்யவேண்டியவை:

1. கடியும் நகக்கீறலும் படாவண்ணம் தடித்த சாக்கினால் மூடி எடுத்தல் வேண்டும்.

2. காற்றோட்டமுள்ள பெட்டியில் நிழலில் வைக்க. சுடுநீர்ப் போத்தலைத் துணியிற் சுற்றி ஒரு புறத்தில் மட்டும் வைத்தால், சூடு மிகும்போது அது மறுபுறம் விலகும். நேர்வெயில் ஆகாது.

3. இரை வேண்டா, ஆழமற்ற தட்டில் நீர் போதும்.

4. தொட்ட கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

5. அன்றே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அண்மைய அலுவலகத்துக்கு அறிவிக்க. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாற் காக்கப்படும் உயிராதலால் அதனை வீட்டில் வளர்த்தலாகாது.

எலிக்கு நஞ்சு வைப்போர் மறுநாட் காலையே இறந்த எலிகளைத் தேடி ஆழப் புதைத்தல் வேண்டும். நோயுற்றபின் காப்பதிலும் இதுவே எளிது.