திருப்பி அடிக்கலாமா, தம்பி?

"ஆணும் பெண்ணும் சமம்னு சொல்றீங்க டீச்சர். அப்ப ஒரு பொண்ணு என்னைக் கை நீட்டி அடிச்சா, நான் திருப்பி அடிச்சா மட்டும் ஏன் தப்பு?"

நீ இதை வீம்புக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஈப்போவில் இளைஞர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். பெரியவர்கள் அநேகமாக ஒரே பதில்தான் சொல்வார்கள்: "பொம்பளைய அடிக்கிறவன் ஆம்பளையா?" அந்தப் பதில் உன் வாயை அடைக்கும், சந்தேகத்தைத் தீர்க்காது. உட்கார். தே தாரிக் இன்னும் ஆறவில்லை. பொறுமையாகப் பேசுவோம்.

உன் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. என்னை அடிக்க வருபவரைத் தடுக்க நான் பலத்தைப் பயன்படுத்தலாமா என்பது ஒன்று. வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்பது இன்னொன்று. நம் நாட்டுச் சட்டம் முதலாவதற்கு ஆம் என்கிறது, இரண்டாவதற்குக் கூடாது என்கிறது. இரண்டு இடத்திலும் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்று அது கேட்பதே இல்லை.

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு பற்றியவை. 1860-இல் வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்காக இயற்றிய தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தவை. பிரிவு எண்கள்கூட மாறவில்லை. உன் உடலைக் காக்கவும், பக்கத்தில் இருப்பவர் உடலைக் காக்கவும் உனக்கு உரிமை உண்டு என்கிறது 97. ஆபத்து வருகிறது என்று நியாயமாக அஞ்சும் நொடியில் அந்த உரிமை தொடங்குகிறது, அச்சம் தீர்ந்ததும் முடிந்துவிடுகிறது என்கிறது 102. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடியும் கூடாது, போலீசை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிறது 99.

இதை உன் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் உன்னை அறைகிறாள், மறுபடியும் கை ஓங்குகிறாள். நீ அந்தக் கையைப் பிடிக்கலாம், தள்ளிவிட்டு விலகலாம். அறைந்துவிட்டு அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுவிட்டாள் என்று வை. ஆபத்து முடிந்தது. இப்போது நீ போய் அறைந்தால் அது கணக்குத் தீர்ப்பது. 323-ஆவது பிரிவின்படி குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அவள் உன்னை முதலில் அறைந்ததும் அதே 323-தான். பெண் என்பதால் அவளுக்கு அங்கே சலுகை இல்லை. அவள் இருந்த இடத்தில் உன் வயதுப் பையன் ஒருவனை நிறுத்திப் பார், சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறாது.

மாறக்கூடியது அளவுதான். உன் உடம்புக்கு, வெறுங்கையோடு வரும் ஒரு சின்ன உருவத்தைத் தடுக்க மணிக்கட்டைப் பிடித்தாலே போதும். அதே ஆள் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு வந்தால் நீ இன்னும் கடுமையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கும். கையில் என்ன இருந்தது, யார் எவ்வளவு பலசாலி, ஓட வழி இருந்ததா என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். உயிருக்குப் பயந்து நிற்பவர் தராசு பிடித்து அளந்து அடிக்க முடியாது என்பதையும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஆண்கள் பெரும்பாலான பெண்களைவிட உடல்பலம் உள்ளவர்கள் என்பதால், ஆணுக்குத் 'தேவையான அளவு' வழக்கமாகக் குறைவாகவே இருக்கும். உனக்குப் பாரபட்சமாகத் தெரிவது இதுதான். இங்கே எடைபோடப்படுவது உடல்பலம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீ கேட்கப் போவது அதுதான். "அவ வாய் சும்மா இருக்காது டீச்சர்." வாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது உடலுக்கு வந்த ஆபத்து ஆகாது. பேச்சுக்குக் கையால் பதில் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. கடுமையாகவும் திடீரெனவும் ஆத்திரமூட்டப்பட்டு அடித்தால் தண்டனை குறையலாம். குற்றம் குற்றமாகவே இருக்கும்.

சரி, 'பெண்ணை அடிக்கக் கூடாது' என்ற பழைய வழக்கம்? அதை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் நம் தோட்டங்களில் அது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் உனக்குத் தெரிந்திருக்கும். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பது அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இன்னொன்று. வெள்ளைக்காரத் துரைகளும் தோட்டத்து அலுவலர்களும் எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர்கள் செத்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். பெண்களின் மானத்துக்காக அந்த ஆண்கள் கொடுத்த விலையை நான் ஒருநாளும் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் அதே காலத்தில், பேராக்கிலும் மற்ற இடங்களிலும், தோட்டத்து லய வீடுகளுக்குள் நடந்ததைக் கேட்க யாரும் இல்லை. விடியுமுன்னே எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டு, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, ஆணுக்குச் சமமாகப் பால்மரம் வெட்டியவள் பெண். அவளுக்குக் கூலி மட்டும் குறைவு. சாயங்காலம் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவன் அவளை அடித்தால், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கும். கதவு தட்ட யாரும் வரமாட்டார்கள். "புருசன் பொண்டாட்டி விசயம்" என்பார்கள். மறுநாள் குழாயடியில், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அவளுக்கே ஆறுதல் சொல்வார்கள். ஊரான் வீட்டுப் பெண்ணைத் தொட்டால் குற்றம், சொந்தப் பெண்டாட்டி என்றால் விலக்கு. நம் பெருந்தன்மை வாசற்படி வரைக்கும்தான் வந்தது. வீட்டுக்குள் யாரும் அதைக் கூப்பிடவில்லை.

அந்த வாசற்படியைத் தாண்டப் பெண்கள் அமைப்புகள் பாடுபட்டன. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான கூட்டுச் செயற்குழு 1985-இல் உருவானது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு குற்றவியல் சட்டத்தில் 326A என்ற பிரிவு சேர்ந்தது. கணவனோ மனைவியோ தன் துணைக்குக் காயம் விளைவித்தால், அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சச் சிறைக்காலம் இரட்டிப்பாகும். 323-இன் ஓராண்டு அங்கே ஈராண்டு. லயத்தில் சொந்தப் பெண்டாட்டி என்பது விலக்காக இருந்தது. இன்றைய சட்டத்தில் அதுவே தண்டனையைக் கூட்டுகிறது. எனக்கு இந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

இது மனைவி கணவனை அடித்தாலும் பொருந்தும். அவனும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், போலீசில் புகார் கொடுக்கலாம், அரசாங்க மருத்துவமனையில் காயத்தைப் பதியலாம், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் போகமாட்டான். "பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினியா?" என்று சிரிப்பார்கள் என்று பயப்படுவான். 'ஆம்பளைன்னா அடிக்க மாட்டான்' என்று சொன்ன அதே வாய், 'ஆம்பளைக்கு வலிக்காது' என்றும் சொல்லிவிட்டது. அப்படி யாரையாவது உனக்குத் தெரிந்தால் சிரிக்காதே, கூடவே போ.

பெண்கள் காக்கப்பட வேண்டியவர்கள் மட்டும்தானா? 1943-இல் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படை தொடங்கியபோது, பால்வெட்டுப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். ஈப்போவிலிருந்து போன ராசம்மா நவரெத்தினத்துக்கு அப்போது பதினாறு வயது. பின்னாளில் ராசம்மா பூபாலனாக 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, சம ஊதியத்துக்குப் போராடியவர் அவர். என்னைப் போன்றவர்கள் முழுச் சம்பளம் வாங்கியது அந்தப் போராட்டத்தால்.

பெண் தன்னையோ தன் பிள்ளையையோ காக்கத் திருப்பி அடிப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2012-இல் மதுரையில் குடித்துவிட்டு வந்த ஒருவன் தன் சொந்த மகளையே பலாத்காரம் செய்ய முயன்றான். தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தாள், அவன் இறந்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின் கீழ் இது தற்காப்பு என்று அவளை விடுவித்தார். பலாத்காரத்தைத் தடுக்க உயிரைப் பறிக்கவும் நேரலாம் என்று ஒப்புக்கொள்ளும் பிரிவு அது. நம் சட்டத்திலும் அதே எண்தான்.

அந்தத் தாய் தாக்குதல் நடக்கும்போதே அடித்தாள், அதனால் சட்டம் அவளோடு நின்றது. எல்லாப் பெண்களாலும் அது முடியாது. இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா பத்தாண்டுகள் கணவனிடம் அடிபட்டு, 1989-இல் ஒரு இரவு அவன் தூங்கும்போது தீ வைத்தார். ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆத்திரமூட்டல் என்ற வாதம் நிற்கவில்லை, ஏனென்றால் சட்டம் 'திடீர்' ஆத்திரத்தைத்தான் மன்னிக்கத் தெரிந்திருந்தது. யோசித்துப் பார். சண்டையில் உடனே கை ஓங்கி ஜெயிக்கக்கூடிய உடம்பு யாருடையது? எதிர்த்தால் செத்துப்போவோம் என்று தெரிந்தவள் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சவுத்தால் கறுப்புச் சகோதரிகள் என்ற அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது, அவர் விடுதலையானார். அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதும்போது யாருடைய உடம்பை மனத்தில் வைத்து எழுதினோம் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உன் பக்கம் வருகிறேன். 2001-இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது விதியில் 'பாலினம்' என்ற சொல் சேர்ந்தது. பாலினத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று ஆனது. அப்படியும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு பெண்களுக்குப் பிரம்படி கூடாது என்கிறது, ஆணுக்கு உண்டு. 1959-ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகளிலும் பெண்பிள்ளைகளை ரோத்தான் பிரம்பால் அடிக்கத் தடை, பையன்களை அடிக்கலாம். உன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நீ நினைத்தால், நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

சிலர், "அப்ப பொம்பளப் பிள்ளைங்களையும் அடிங்க, அதான் சமம்" என்பார்கள். எனக்கு அது வேண்டாம். பெண்பிள்ளையின் உடம்பில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்த நமக்கு, பையனின் உடம்பும் அப்படித்தான் என்று ஏன் தோன்றவில்லை? ஆரம்பப்பள்ளியிலேயே ரோத்தான் வாங்கியவனிடம், தவறு செய்தால் அடி விழும் என்று நாமே சொல்லிக்கொடுத்தவனிடம், கல்யாணம் ஆனதும் "கை நீட்டாதே" என்கிறோம். என் பேரன் படிக்கும் பள்ளியில் அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். ரோத்தானை யாருக்கும் எடுக்க வேண்டாம் என்று அங்கே எழுந்து பேசப் போகிறேன். உன் தம்பியும் அங்கேதானே படிக்கிறான்? அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.