குற்றவியல் நீதிப் பட்டம்: செலவும் வருவாயும்

குற்றவியல் நீதிப் பட்டம் என்பது குற்றம் ஏன் நிகழ்கிறது, காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் எவ்வாறு இயங்குகின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன நீதி கிடைக்கிறது என்பவற்றைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பாகும். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியில் இளங்கலைப் படிப்பாக வழங்குகிறது.

இப்படிப்பு பெரிய அளவில் பரவியது அமெரிக்காவில்தான். அங்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், காவலர்கள் கல்லூரியில் படிக்கக் கூட்டாட்சி அரசு நிதியுதவி அளித்தது; அதையொட்டிக் கல்லூரிகள் இப்பாடத்தைத் தொடங்கின. அங்கு மாணவர் பலர் கடன் வாங்கிப் படிப்பதால், பட்டம் ஈட்டித்தரும் சம்பளம் கடனை அடைக்குமா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் கணக்கு வேறு விதமாகப் போகிறது. அரசுக் கல்லூரியில் படிப்பவருக்குக் கட்டணம் பெரிய சுமையன்று. படிப்பில் கழியும் மூன்று ஆண்டுகளே உண்மையான செலவு.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலுள்ள கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த, காவல்துறையில் சேர விரும்பும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 18 வயதில் விண்ணப்பிக்கலாம். தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் ரூ. 18,200. உதவி ஆய்வாளர் பணிக்குப் பட்டம் வேண்டும். தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 36,900. பள்ளி முடித்ததும் காவலராகச் சேர்ந்திருந்தால் மூன்று ஆண்டுகளில் அடிப்படை ஊதியம் மட்டும் ரூ. 6,55,200 கிடைத்திருக்கும். கல்லூரிக்குப் போனவர் அதை இழக்கிறார். பின்னர் உதவி ஆய்வாளராகிவிட்டால் மாதந்தோறும் ரூ. 18,700 கூடுதலாகப் பெறுவதால், ஏறத்தாழ 35 மாதங்களில் இழப்பு ஈடாகிவிடும். அகவிலைப்படி இரு பக்கமும் ஒரே விகிதத்தில் சேர்வதால் இந்தக் கால அளவு பெரிதாக மாறாது.

கணக்கு கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் உதவி ஆய்வாளர் தேர்வு கேட்பது ஏதேனும் ஒரு பட்டம்தான். வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் ஒரே எழுத்துத் தேர்வை எழுதி, ஒரே ஓட்டத்தை ஓடி, ஒரே சம்பளத்தைப் பெறுகின்றனர். ஊதியம் பதவிக்கு உரியது, பாடத்துக்கு உரியதன்று. பெயரில் "நீதி" இருப்பதால் காவல் பணி எளிதில் கிடைக்கும் என்று எண்ணிச் சேர்வோர் இதைக் கவனிப்பதில்லை. ஆண்களுக்குப் பொதுப்பிரிவில் 170 செ.மீ. உயரம் தேவை என்ற விதியையும் பட்டம் தளர்த்துவதில்லை.

பாடத்துக்கு நேரடி மதிப்புள்ள இடங்கள் குறைவு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் அவற்றுள் ஒன்று. ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்தில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதம் ரூ. 18,536, பாதுகாப்பு அலுவலருக்கு ரூ. 27,804 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இது ஒப்பந்தத் தொகுப்பூதியம். அகவிலைப்படியோ ஆண்டு ஊதிய உயர்வோ இதில் சேராது. முதுகலை முடித்த ஒருவர், பத்தாம் வகுப்புத் தகுதியில் சேர்ந்த காவலரைவிடக் குறைவாகப் பெறும் நிலையும் இதனால் ஏற்படுகிறது. சிக்கலில் மாட்டிய சிறுவர்களோடு நாள் முழுதும் பழகும் வேலைக்கு இது போதுமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

தடய அறிவியல் வேறு வழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே ஆட்கள் தேவைப்படுவர். ஆனால் ஆய்வகம் தேடுவது வேதியியலோ உயிரியலோ இயற்பியலோ படித்தவரை. கலைப்பிரிவில் குற்றவியல் படித்தவர் அக்கதவைத் தட்ட முடியாது.

சட்டமே நெடுநாள் நோக்கில் வருவாய் மிக்கது. விழுப்புரத்தில் 2017இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரி கோட்டக்குப்பத்திலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் சேரலாம். அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 56,100. அதற்கு ஐந்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். இளம் வழக்கறிஞரின் அந்த ஐந்தாண்டு வருமானம் நிச்சயமற்றது என்பதையும் செலவில் எழுத வேண்டும். புதுச்சேரி காவல்துறை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அது தனி ஒன்றியப் பகுதி. அங்கு விண்ணப்பிக்க அப்பகுதியின் இருப்பிடச் சான்று கேட்கப்படும்.

தொலைநிலையில் படிப்பது மலிவானது என்றாலும், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ. 1,000 தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் தொலைநிலை மாணவருக்குப் பொருந்தா. நேரில் படித்தால் மூன்றாண்டில் ரூ. 36,000 கிடைக்கும், திண்டிவனம் அல்லது விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் சென்றுவர அது ஓரளவு உதவும்.

தொலைநிலைப் பட்டம் மிகுதியாகப் பலன் தருவது ஏற்கெனவே பணியிலுள்ள காவலர்களுக்கே. உதவி ஆய்வாளர் பணியிடங்களில் 20 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் பட்டம் தேவை. சம்பளத்தை இழக்காமல் படிக்கலாம். துறைத் தேர்வில் குற்றவியல் சட்டங்களும் காவல் நிலை ஆணைகளும் கேட்கப்படுவதால், வரலாறோ வணிகவியலோ தராத உதவியை இங்கு இப்பாடம் தருகிறது.