வேர் நீங்கிய வேர்ப் பானம்

பொருளின் இயல்பு நோக்கி இட்ட பெயரைக் காரணப்பெயர் என்றும், காரணம் நோக்காது வழங்கும் பெயரை இடுகுறிப்பெயர் என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தனர். காரணப்பெயராய்ப் பிறந்து, காரணம் நீங்கிய பின்னரும் பழக்கத்தால் நிலைபெற்ற பெயர்களும் உலகில் உள. அமெரிக்க மக்கள் விரும்பி அருந்தும் 'ரூட் பியர்' அத்தகையதொன்று. வேர்ப் பியர் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயின், இன்று விற்கப்படுவனவற்றுட் பெரும்பாலானவற்றில் அப்பெயருக்கு முதலாய் நின்ற வேரும் இல்லை. பியருக்குரிய மயக்கமும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத ஒன்றை எவ்வளவுகோல் கொண்டு அளப்பது? அந்நாட்டிற் சிறிய தொழிற்சாலை ஒன்றில் ஆக்கிய ரூட் பியர் இரண்டு போத்தல்களைப் பழைய மாணாக்கர் ஒருவர் கொணர்ந்து தந்தபோது என் முன் எழுந்த வினா இதுவே.

முதலில் வேரின் வரலாறு. வட அமெரிக்காவின் கீழ்ப்பகுதிக் காடுகளில் வளரும் சசாபிராஸ் என்னும் மரம் நம் கறுவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே மரத்தில் பிளவில்லாத இலையும், ஒருபுறம் மட்டும் பிளந்த இலையும், மூன்றாய்ப் பிளந்த இலையும் கலந்து நிற்கும். அதன் வேர்ப்பட்டையை அந்நாட்டு ஆதிக்குடிகள் மருந்தாகக் கொண்டனர். பின் வந்து குடியேறியோர் அதனொடு வேறு வேர்களும் பட்டைகளும் சேர்த்துக் காய்ச்சி, நொதியமிட்டுப் பொங்கவைத்து வீட்டுப் பானமாக்கினர். பிலடெல்பியா நகரில் மருந்துக்கடை நடத்திய சார்ள்ஸ் ஹயர்ஸ் என்பார் இதனை வாணிகப் பொருளாக்கினார். 1876 இல் அந்நகரில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியில் அதனை மக்களுக்கு வழங்கினார் என்பர். அவர் மதுவை வெறுத்தவர். 'வேர்த் தேநீர்' என்று பெயரிடவே முதலில் எண்ணினாராம். சுரங்கத் தொழிலாளர் தேநீர் என்றால் திரும்பியும் பாரார் என்று நண்பர் ஒருவர் கூறியதனால் 'பியர்' என்று மாற்றினார் என்பது வழங்கிவரும் கதை. பெயர் அவரைப் பழிவாங்கத் தவறவில்லை. 1895 இல் மாதர் மதுவிலக்குச் சங்கத்தார் இப்பானத்தைப் புறக்கணிக்குமாறு கிளர்ந்தனர். ஆய்வுகூடத்திற் பரிசோதித்து, பாணில் இருப்பது போன்ற சிறிதளவு மதுச்சாரமே இதில் உண்டு எனக் கண்ட பின்னரே, 1898 இல் அக்கிளர்ச்சி ஓய்ந்தது.

பியர் போன கதை இது. வேர் போன கதை வேறு. சசாபிராஸ் வேர்ப்பட்டையின் எண்ணெயிற் சபரோல் என்னும் பொருள் மிகுதியாக உண்டு. சாதிக்காயிலும் அது சிறிது உளது. அஃது ஆய்வுகூட எலிகளின் ஈரலிற் புற்றுநோய் விளைத்தமை கண்டு, 1960 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தினர் உணவில் அதனைச் சேர்ப்பதைத் தடுத்தனர். அதன் பின் பானத்தை ஆக்குவோர் விண்டர்கிரீன், வனிலா, அதிமதுரம், இஞ்சி முதலியவற்றால் அவ்வெற்றிடத்தை நிரப்பலாயினர். சபரோலை நீக்கிய சாற்றைச் சேர்ப்பாரும் உளர். என்னிடம் வந்த போத்தலின் முகப்பில் அச்சாறு குறிக்கப்படவில்லை. கரும்புச் சீனி, வனிலா, விண்டர்கிரீன், அதிமதுரம், நுரைக்கு யூக்கா என்று இருந்தது.

போத்தலைத் திறந்ததும் அருகிருந்த இளம் ஆசிரியர் ஒருவர், "முழங்காலுக்குப் பூசுந் தைலத்தைக் குடிப்பதா, ஐயா?" என்றார். அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. விண்டர்கிரீன் எண்ணெயின் மணத்துக்குக் காரணமான மீதைல் சலிசிலேற்று என்பதே நாம் நோவுக்குத் தேய்க்கும் தைலங்களிலும் மணக்கின்றது. ஆயினும் 'மருந்து' என்பது மதிப்பீடு அன்று; அது மூக்கின் நினைவு. ஐஸ்கிறீம் மிதக்கவிட்டு இதனைப் பருகி வளர்ந்த அமெரிக்கச் சிறுவனுக்கு இதே மணம் விடுமுறை நாளை நினைவூட்டும். நம் ஒடியற் கூழை முதன்முறை முகர்ந்த அயலான் முகஞ்சுளித்தால் கூழின் குற்றம் என்போமா? நூல்களைச் சுவைப்பாரிடையேயும் இவ்வியல்பினர் உளர். முதல் அடியில் ஏதோ பழகிய வாடை வீசிற்று என்று ஏட்டை மூடிவிடுவர். அவர்களைப் பற்றிப் பிறிதொரு வாரம் பேசலாம்.

முதற் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பருகினோம். நாவில் இனிப்பும் வாயுவின் குத்தலும் அன்றி வேறொன்றும் தெரிந்திலது. கடுங்குளிர் நாவை மரக்கச் செய்யும். ஆதலின் இரண்டாவதைக் கால்மணி நேரம் வெளியில் வைத்துக் கண்ணாடிக் குவளையிற் சாய்த்து வார்த்தேன். இருவிரல் உயரம் பொன்னிற நுரை எழுந்து, குறிப்பேட்டில் நான்கு வரி எழுதும்வரை கலையாது நின்றது. முதலில் வனிலாவின் மென்மை. நடுவில் விண்டர்கிரீனின் தண்மை. இவ்விரண்டும் ஒன்றையொன்று மேவாமல் இணைந்த இடமே இப்பானத்தின் சிறப்பு. தைலம் என்று இகழ்ந்த அந்த இளைஞரும் மூன்றாம் மிடற்றில் வாய் மூடிக்கொண்டார், குவளையையும் நீட்டினார்.

குறை ஈற்றிலே உள்ளது. விழுங்கிய பின் அதிமதுரத்தின் தித்திப்பு நாவின் அடியில் நெடுநேரம் தங்குகின்றது. வேரின் சுவை என நாம் அறிந்தது மண்ணின் வாசமும் சிறு துவர்ப்பும் கலந்தது. நன்னாரியைக் காய்ச்சிப் பருகினோர் அதனை அறிவர். நன்னாரியை ஆங்கிலத்தில் இந்தியச் சார்சாபரில்லா என்பது வழக்கம். உண்மையிற் சார்சாபரில்லா வேறொரு குடும்பக் கொடி. நன்னாரி எருக்கின் குடும்பத்தது. நன்னாரி மணத்துக்குக் காரணமான பொருள் வனிலா மணப்பொருளுக்கு மிக நெருங்கிய உறவு என்பர் இரசாயன நூலார். எனினும், நன்னாரியில் அந்த மணத்தைத் துவர்ப்புத் தாங்கி நிற்கின்றது. இப்போத்தலில் மணம் தாங்குவாரின்றித் தனித்து நிற்கின்றது. மிகுதியை இரவு முழுவதும் மூடாது வைத்து, வாயு நீங்கிய பின் காலையிற் சுவைத்தேன். இனிப்புப் பாகும் அதிமதுரமுமே எஞ்சியிருந்தன.

விடைத்தாள் திருத்திப் பழகிய கை புள்ளியிடாது அமையவில்லை. நுரைக்குப் பத்தில் 9, மணத்துக்கு 7, நடுச்சுவைக்கு 8, இனிப்பின் அளவுக்கு 4, ஈற்றுச்சுவைக்கு 3. ஐம்பதுக்கு 31 ஆகின்றது. திறமைச் சித்தி கொடுத்தேன்.